தாட்சண்யத்தின் கணக்கை யார் தீர்ப்பது?

அந்தியோகியாவில் ஒரு பந்தியிலிருந்து பேதுரு எழுந்துபோனார். முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி அது. ரோமப் பேரரசில் ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்தபடியாகச் சொல்லப்பட்ட நகரம் அந்தியோகியா. இன்று அது துருக்கியில் இருக்கிறது. இயேசுவைப் பின்பற்றியவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வந்ததும் அந்த ஊரில்தான். யூதராகப் பிறந்தவர்களும் புறஜாதியாரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்றைய யூத வழக்கத்துக்கு அது பெரிய மீறல். பேதுருவும் தயக்கமில்லாமல் அவர்களோடு கை நனைத்துக்கொண்டிருந்தார். பிறகு எருசலேமிலிருந்து, அங்குள்ள சபைத் தலைவரான யாக்கோபின் பக்கத்திலிருந்து, சிலர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் பேதுரு மெல்ல விலகித் தனியே உட்காரத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பவுலின் நெருங்கிய தோழரான பர்னபாவும் விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பேதுருவின் கொள்கை மாறியிருந்தால் இந்தச் சம்பவத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அது மாறவில்லை. கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குள் போய், கடவுள் ஆள் பார்த்து நடத்துபவர் இல்லை என்று அறிவித்தவர் அவர்தான். அந்தியோகியாவில் அவர் யாரையும் இழிவாகப் பேசவில்லை, புதிய சட்டம் எதுவும் போடவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் மனம் கோணக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான். வந்தவர்களின் கண்ணுக்கு அவர் தங்கமான மனிதராகத் தெரிந்திருப்பார். ஆனால் நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இன்று வேறு பந்திக்குப் போய்விட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த புறஜாதி விசுவாசிகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பவுலின் கோபம் அவர்களுக்காக எழுந்தது. மனிதரைப் பிரியப்படுத்தும் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அந்தப் பழக்கம் உள்ளவரின் களைப்பையும் மன அழுத்தத்தையும் பற்றித்தான் பேசுகிறோம். வேதாகமம் இன்னொரு இடத்தைச் சுட்டுகிறது. ஒருவரை மகிழ்விக்க நாம் தலையாட்டும்போது, பெரும்பாலும் அதற்கான விலையை மூன்றாவது ஆள் ஒருவர் கொடுக்கிறார். அந்த மூன்றாவது ஆள் பலம் குறைந்தவராக இருப்பார், அல்லது அந்த இடத்திலேயே இருக்க மாட்டார்.

இதற்கு மிகக் கொடூரமான சாட்சி மாற்கு சுவிசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தில் வரும் ஏரோதின் பிறந்தநாள் விருந்து. பிரபுக்களும் படைத்தலைவர்களும் கலிலேயாவின் பெரிய மனிதர்களும் கூடியிருக்கிறார்கள். ஏரோதின் மனைவி ஏரோதியாளின் மகள் ஆடினாள். மகிழ்ந்துபோன ராஜா, ராஜ்யத்தில் பாதியைக் கேட்டாலும் தருவேன் என்று ஆணையிட்டான். அவள் போய்த் தாயிடம் கேட்டுவிட்டு வந்து, சிறையிலிருந்த யோவான்ஸ்நானனின் தலையைத் தட்டில் வைத்துத் தரச் சொன்னாள். ஏரோதுக்கு யோவான்மேல் பகையில்லை. அவர் பேச்சை விரும்பிக் கேட்டவன், அவருக்கு அஞ்சி அவரைப் பாதுகாத்தும் வந்தவன். கேட்டதும் அவன் மிகவும் துக்கப்பட்டான் என்றே மாற்கு எழுதுகிறார். இருந்தும் ஆணையிட்டதையும், கூட இருந்த விருந்தாளிகளையும் நினைத்து, காவலாளியை அனுப்பினான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா என்று கேட்கலாம். தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணை தவறாதவனை 15-ஆம் சங்கீதம் மெச்சத்தான் செய்கிறது. ஆனால் அது மெச்சுவது சொந்த நஷ்டத்தைத் தாங்குகிறவனை. ஏரோது தன் வாக்கை இன்னொருவர் கழுத்தைக் கொடுத்துக் காப்பாற்றினான். ரோம ஆளுநர் பிலாத்துவும் இதே வரிசையில் வருகிறான்: குற்றம் எதையும் காணாமலே, ஜனங்களைத் திருப்திப்படுத்த மனதாகி, பரபாஸை விடுவித்து இயேசுவை ஒப்புக்கொடுத்தான். யூதத் தலைவர்களுக்கு உபகாரம் செய்ய நினைத்த ஆளுநர் பேலிக்ஸ், பதவி மாறிப் போகும்போது பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் போனான். பவுலுக்கு அதற்குள் 2 ஆண்டுகள் சிறையில் போயிருந்தன.

அரண்மனைக் கதைகள் நமக்கு எட்டாதவை என்றால், வீட்டுக் கூடத்துக்கே வரலாம். ஞாயிறு ஆராதனை முடிந்து மச்சான் ஒருவர் வருகிறார். காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து கூட்டுறவு வங்கியின் படிவத்தை எடுக்கிறார். பெயர், வேலை பார்க்கும் இடம் எல்லாம் ஏற்கெனவே நிரப்பியாயிற்று. சம்பளச் சான்றிதழும் ஆதார் நகலும் கொடுத்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மாப்ள, தவணையெல்லாம் நான் கரெக்டா கட்டிருவேன்” என்கிறார். முகத்தை முறிக்க மனம் வராமல் இவர் கையெழுத்துப் போடுகிறார். அடுப்படியில் நிற்கும் மனைவியை யாரும் கேட்கவில்லை. தவணை நின்றால் பிடித்தம் இவர் சம்பளத்தில் விழும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகை அடகுக் கடைக்குப் போகும். நீதிமொழிகள் புத்தகம் ஜாமீன் கையெழுத்தைப் பற்றி ஒருமுறைக்கு மேல் எச்சரிக்கிறது. கட்ட வழியில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறது ஓரிடம். அந்தப் படுக்கையில் ஒருவர் மட்டும் படுப்பதில்லை. மச்சானிடம் நல்ல பெயர் வாங்கியது கணவர். அதன் தவணையைக் கட்டுவது மனைவியும் மகளும். அலுவலகத்திலும் கதை இதுதான். மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லத் தயங்கும் மேலாளர், தனக்குக் கீழே இருப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக் கொடுக்கிறார்.

ஏன் இப்படித் தலையாட்டுகிறோம் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனை நல்ல விளக்கம். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள இன்னொரு கோட்டை மூன்றிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னார். சிறு பிள்ளையும் சொல்லிவிடக்கூடிய கேள்வி. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ஆய்வாளரின் ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான கோட்டைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். முன்பின் தெரியாத சிலர் முன்னால், எந்தப் பயனும் இல்லாத ஒரு கேள்விக்கே இந்த நிலை என்றால், எருசலேமிலிருந்து வந்தவர்கள் முன்னால் பேதுரு தடுமாறியதில் வியப்பில்லை. ஆனால் அதே சோதனையில் இன்னொன்றும் தெரியவந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், சோதிக்கப்பட்டவரின் தவறு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அந்தியோகியாவில் பவுல் எழுந்து நின்றது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே புரிகிறது. ஆஷின் சோதனைக்கு 1500 ஆண்டுகளுக்கு முன்பே சபைப் பிதாவான அகஸ்தீன் தன் வாழ்க்கை அறிக்கையில் கூட்டத்தின் இந்த இழுப்பைத் தொட்டிருக்கிறார். பதினாறு வயதில் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதை எழுதும்போது, தனியாக இருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்கிறார். கூட்டாளிகள் கூப்பிட்டபோது பின்வாங்குவதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

இங்கே வேதம் படித்தவர்கள் ஒரு தடை சொல்வார்கள், நியாயமான தடைதான். இன்னும் மனிதரைப் பிரியப்படுத்திக்கொண்டிருந்தால் நான் கிறிஸ்துவின் ஊழியக்காரன் ஆகமாட்டேன் என்று கலாத்தியருக்கு எழுதிய அதே பவுல், எல்லாவற்றிலும் எல்லோருக்கும் பிரியமாக நடக்கிறேன் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறாரே? எந்தப் பவுலை நம்புவது? அவர் செய்ததைப் பார்த்தால் குழப்பம் தீர்கிறது. தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு அவர் விருத்தசேதனம் செய்வித்தார், அந்தப் பக்கத்து யூதர்களை முன்னிட்டு. இன்னொரு உடன் ஊழியரான தீத்து கிரேக்கர், அவருக்கும் செய்ய வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது ஒரு நாழிகையும் இணங்கவில்லை. தீமோத்தேயு விஷயத்தில் விட்டுக்கொடுத்ததால் வேறு எவருக்கும் இழப்பில்லை. யூதர்களோடு பேச ஒரு வாசல் திறந்தது. தீத்து விஷயத்தில் விட்டுக்கொடுத்திருந்தால் புறஜாதி விசுவாசிகள் அத்தனை பேரும் இரண்டாந்தரமாகியிருப்பார்கள். ரோமருக்கு எழுதும்போது இதையே அவர் விதியாகச் சொல்கிறார்: பிறனைப் பிரியப்படுத்தலாம், ஆனால் அது அவனுக்கு நன்மையாகவும் அவனை வளர்ப்பதாகவும் இருக்க வேண்டும். கொரிந்தியருக்குச் சொன்னதும் பலரின் பிரயோஜனத்தைத் தேடுகிறவனாக, தன் பிரயோஜனத்தைத் தேடாதவனாக என்ற நிபந்தனையோடுதான். நமக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதற்காகச் செய்யும் உபகாரம் இந்தச் சோதனையில் தேறாது.

இன்னொரு தடை நம் மண்ணிலிருந்து வருகிறது. தாட்சண்யம் நம் பண்பாட்டின் அழகு. முடியாது என்று பட்டென்று சொல்வதெல்லாம் மேல்நாட்டுத் தனிமனிதப் போக்கு என்பார்கள். இதில் பாதி உண்மை. முதலில் உன்னைக் கவனி, பிடிக்காதவர்களை வெட்டிவிடு என்று சொல்லும் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. சிலுவையைச் சுமக்கச் சொன்னவரின் போதனையோடு அவை ஒட்டாது. ஆனால் நம் மரபும் கண்ணை மூடிக்கொண்டு தாட்சண்யத்தைப் புகழவில்லை. திருக்குறளில் கண்ணோட்டத்துக்கென்றே ஒரு அதிகாரம் இருக்கிறது, 58-ஆவது. பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும் அதை வாங்கி உண்ணும் நாகரிகத்தை வள்ளுவர் அங்கே பாடியிருக்கிறார். அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே அதிகாரத்தில் இரண்டு குறளுக்கு முன்னால், தன் கடமை கெடாதபடி கண்ணோட்டம் காட்டத் தெரிந்தவனுக்கே உலகம் உரியது என்கிறார். அந்தக் குறளை அவ்வளவாக யாரும் நினைவுபடுத்துவதில்லை. நஞ்சையும் தானே உண்ணலாம். பிள்ளைக்கு ஊட்டச் சொல்லவில்லை.

அப்படியானால் முகத்துக்கு நேரே வெட்டிப் பேசுகிறவர்கள்தான் கடவுளின் மனிதர்களா? நான் யாருக்கும் பயப்பட மாட்டேன், கர்த்தருக்கு மட்டுமே பயப்படுவேன் என்று அறிவித்துவிட்டு வாயில் வந்ததைப் பேசுகிறவர்கள் எல்லாச் சபையிலும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி மக்காரியுவைப் பற்றிய ஒரு கதை இவர்களுக்கும் பொருந்தும். அறிவுரை கேட்டு வந்த ஒரு இளைஞனை அவர் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பி, இறந்தவர்களைத் திட்டிவிட்டு வரச் சொன்னார். அவன் போய்த் திட்டிக் கல்லெறிந்துவிட்டு வந்தான். மறுநாள் அவர்களைப் புகழ்ந்துவிட்டு வரச் சொன்னார். அப்போஸ்தலர்கள், பரிசுத்தவான்கள் என்றெல்லாம் புகழ்ந்தான். திட்டுக்கும் புகழுக்கும் அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நீயும் அப்படி ஆகு என்றார். புகழை எதிர்பார்த்து இனிக்க இனிக்கப் பேசுகிறவரும், துணிச்சல்காரர் என்ற பெயருக்காகக் கசக்கப் பேசுகிறவரும் ஒரே கூட்டத்தின் கைதட்டலுக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மக்காரியுவின் பாடத்தில் ஒரு குறையும் உண்டு. உயிருள்ளவர்கள் கல்லறையைப் போல இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. யாருடைய ஒப்புதலும் வேண்டாத மனிதர் கிடையாது. கிறிஸ்தவம் இங்கே தருவது, அந்த ஒப்புதல் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு மாற்றத்தை. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்தால் இது பிடிபடும். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போதே, நீ என் நேசகுமாரன் என்ற குரல் இயேசுவுக்குக் கேட்டுவிடுகிறது. அதுவரை அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் கப்பர்நகூமில் ஊரே வாசலில் கூடுகிறது. மறுநாள் அதிகாலையில் இருட்டோடு அவர் தனியே போய் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். சீமோனும் மற்றவர்களும் தேடிப் பிடித்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். எந்தப் பிரசங்கியார் காதுக்கும் தேன் போன்ற செய்தி. அவரோ அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்கிறார். முதலிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டவர் கூட்டத்தின் ஒப்புதலுக்காகத் தங்க வேண்டியதில்லை. சொத்தைப் பங்கு பிரித்துத் தரச் சொல்லி ஒருவன் கேட்டபோது, என்னை யார் உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தது என்று அவர் மறுத்ததும் இந்த இடத்திலிருந்துதான். பணக்கார வாலிபனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அன்புகூர்ந்தும் அவன் துக்கத்தோடு திரும்பிப் போவதைத் தடுக்க நிபந்தனையைக் குறைக்கவில்லை. பவுலும் கொரிந்தியரிடம், நீங்கள் என்னை நியாயம் விசாரிப்பது எனக்கு அற்பக் காரியம் என்று சொல்லிவிட்டு, என்னை நானே விசாரிப்பதும் இல்லை என்று சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பின்பாதி இல்லாவிட்டால் முதல் பாதி வெறும் திமிராகிவிடும்.

நடைமுறையில் இது பெரிய வீரச்செயலாகத் தொடங்க வேண்டியதில்லை. கேட்டவுடன் பதில் சொல்லாமல், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு நாள் தள்ளிப்போடுவதே மூன்றாவது ஆளைப் பேச்சுக்குள் கொண்டுவந்துவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்ட வாக்கைத் திரும்பப் பெறவும் வழியிருக்கிறது. ஜாமீன் விஷயத்தில் சிக்கிக்கொண்டவனுக்கு நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் சொல்லும் ஆலோசனை ஆச்சரியமாக இருக்கும்: கௌரவம் பார்க்காதே, தூங்காதே, இன்றைக்கே போய்க் கெஞ்சி உன்னை விடுவித்துக்கொள். சொன்ன சொல்லை மாற்றினால் கேவலமாக நினைப்பார்களே என்ற பயத்துக்கு அங்கே இடமே கொடுக்கவில்லை. திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொன்ன தகப்பனிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு போன மகனையும், போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகாத மகனையும் இயேசு ஒப்பிட்டதும் நினைவில் வைக்கத்தக்கது. மரியாதையாகப் பேசியவன் அந்தக் கதையில் ஜெயிக்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு எல்லைக்கோட்டைப் போடாவிட்டால் அநியாயமாகிவிடும். வேலை போய்விடும் என்று மேஸ்திரியிடம் தலையாட்டும் கூலித் தொழிலாளியையும், அடி விழும் என்று வாயை மூடிக்கொள்ளும் மருமகளையும் பேதுருவோடு ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. பேதுரு சபையின் தூண் என்று மதிக்கப்பட்டவர்; எழுந்து போகாமல் இருந்திருந்தால் அவருக்குச் சில முகச்சுளிப்புகள் மிஞ்சியிருக்கும், அவ்வளவே. இவர்களுக்கு மறுப்பின் விலை சோறும் உயிரும். இவர்களிடம் போய் முடியாது என்று சொல்லிப் பழகுங்கள் என்பது உபதேசமே இல்லை. பாதுகாப்பான இடமும் கூட நிற்க ஒரு ஆளும்தான் முதலில் வேண்டும். மனிதரைப் பிரியப்படுத்துகிறவர்களாகப் பார்வைக்கு மட்டும் ஊழியம் செய்யாதிருங்கள் என்று எபேசியர் நிருபம் அடிமைகளிடம் சொன்ன சில வரிகளுக்குள்ளேயே, எஜமான்களைப் பார்த்துத் திரும்பி, மிரட்டலை விட்டுவிடுங்கள் என்கிறது. முதல் பாதியை மட்டும் பிரசங்கிப்பது வசதியானது.

பேதுருவின் பந்தி தமிழகத் திருச்சபைக்குத் தொலைதூரக் கதையும் இல்லை. 1706-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய புராட்டஸ்டன்ட் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்காருவது நீண்ட காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. உயர்ந்த சாதியார் என்று சொல்லப்பட்டவர்கள் சபையை விட்டுப் போய்விடக் கூடாது என்ற தாட்சண்யம் அதில் கலந்திருந்தது. யார் செலவில் அந்தத் தாட்சண்யம் காட்டப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் வெளியேறினார்கள். பயந்தது அப்படியே நடந்தது. நடந்தும், அந்த அறிக்கை தவறு என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது இன்னும் முழுதாக நிறைவேறவில்லை என்றுதான் சொல்வார்கள்.

கேட்கிறவர்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. 2008-ல் பிரான்சிஸ் ஃபிளின், வனேசா லேக் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உதவி கேட்கிறவர்கள் எதிராளி சம்மதிக்கும் வாய்ப்பைப் பெரிய அளவில் குறைத்து மதிப்பிடுவது தெரியவந்தது. முகத்துக்கு நேரே கேட்கப்படும்போது மறுப்பது எவ்வளவு கடினம் என்பது கேட்கிறவருக்குத் தோன்றுவதேயில்லை. காணிக்கை தந்தவர்களின் பெயரையும் தொகையையும் ஆலயத்தில் வாசிக்கும் சபைகளில், போதகர் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “ஐயா, இந்த வருஷம் நீங்க எவ்வளவு போடுறீங்க?” என்று கேட்டால், எழுந்து நிற்பவர் சொல்லும் தொகையில் பக்திக்கு எவ்வளவு, பக்கத்து வரிசைக்கு எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதம் இதற்கு எதிர் முன்மாதிரி. அவன் வீட்டிலிருந்து பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாகத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். கட்டளையிட எனக்கு உரிமை உண்டு, ஆனாலும் அன்பினால் கேட்கிறேன் என்கிறார். ஒநேசிமுவைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் உன் நன்மை கட்டாயத்தால் வந்ததாக இருக்கக் கூடாது என்பதால் உன்னைக் கேட்காமல் அதைச் செய்யவில்லை என்கிறார். நீயே எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன் என்று சொல்லியே சொல்லிவிடுகிறார் என்பதும் உண்மை; பவுலும் மனிதர்தானே. இங்கேயும் ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறான். கடிதம் பிலேமோனின் கைக்குப் போகும்போது அவனும் அந்த வாசலுக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டியிருந்தது. தன் செலவில் அவனுக்கு நியாயம் கேட்டார் பவுல்: அவன் உனக்கு ஏதாவது நஷ்டம் செய்திருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள், நானே தருகிறேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.